பல் இல்லாத காப்பீடு: வேலூர்ப் பக்கம் பல் செலவைச் சமாளிக்க ஒரு கையேடு

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். கோயிலுக்குச் சாமி 1981இல் வந்துவிட்டார். பாலாற்றிலும் 2021இல் கரை புரண்டு வெள்ளம் போனது. காலியான இடத்தில் வேறொன்றைச் சேர்க்கலாம்: பல் இல்லாத காப்பீடு. கையில் காப்பீட்டு அட்டை இருக்கும். பல் வலி என்று போனால் "இதுக்கெல்லாம் அது செல்லாதுங்க" என்பார்கள்.

ஏன் செல்லாது என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். காப்பீடு என்பது எப்போதோ ஒருமுறை, யாரோ ஒருவருக்கு வரும் பெரிய செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பல் செலவு அப்படி வருவதில்லை. வீட்டுக்கு வீடு வரும், அடிக்கடி வரும், ஆயிரம் ரெண்டாயிரம் என்று சில்லறையாக வரும். எல்லாருக்கும் வரும் செலவைப் பகிர்ந்தாலும் தலைக்கு விழும் தொகை குறையாது. அதனால்தான் பல நாடுகளில் காப்பீட்டுத் திட்டங்கள் பல்லை ஒதுக்கியே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1965இல் முதியோருக்காக வந்த மெடிகேரில்கூட இன்றுவரை சாதாரணப் பல் சிகிச்சைக்கு இடமில்லை.

எனவே எல்லாப் பல்லையும் பார்த்துக்கொள்ளும் ஒரே அட்டையைத் தேடி அலைய வேண்டாம். பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது அரசு மருத்துவமனைக்கு. தாடை எலும்பு, கட்டி, புற்றுநோய், விபத்து எல்லாம் காப்பீட்டுக்கு. நடுவில் நிற்கும் ரூட் கெனால் (பல் வேர் சிகிச்சை), கேப் (பல்லை மூடும் உறை), பல் செட் ஆகியவற்றுக்குத்தான் கைக்காசு கரைகிறது. அந்த நடுப்பகுதிக்கு மட்டும் குழுவாகச் சேர்ந்து ஒரு நிதி வைக்கலாம்.

யார் எதற்குள் வருகிறார்கள்

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலை வைத்துத் தொடங்கியது. அப்போது அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வெளியேதான். தமிழ்நாட்டில் 2018இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டதால், பட்டியலில் இல்லாதவர்களும் மாநிலத்தின் வழியே உள்ளே வர முடிகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சான்று வந்ததும் குடும்ப அட்டை, வீட்டில் எல்லாருடைய ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரி. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய நினைப்பில் சத்துவாச்சாரிக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள் என்பதால் குடும்பத்தோடு போவது நல்லது.

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பெயர்தான். குடும்ப அட்டையில் "கு. சாந்தி", ஆதாரில் "சாந்தி குமார்", பிறந்த வருடத்திலும் ஒரு வருட வித்தியாசம் என்றால் பதிவு நின்றுவிடும். முதலில் ஆதாரைத் திருத்தி, அதன்படி குடும்ப அட்டையைத் திருத்தி, பிறகு வருமானச் சான்று வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் சான்றையே மறுபடி வாங்க வேண்டிவரும்.

மேல்மொணவூர் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. முகாம் பொறுப்பு அதிகாரியின் சான்று போதும். குடியுரிமை இல்லாததால் நமக்கு எதுவும் கிடைக்காது என்று நினைத்துப் பதியாமல் விட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது இது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் வழி உண்டு. தொழிலாளர் துறையின் சான்றோடு வரும் பெயர்ப்பட்டியல் வேண்டும். தனி ஆளாகப் போனால் நடப்பது கடினம். தோல் பதனிடும் ஆலையோ செங்கல் சூளையோ கட்டட ஒப்பந்தக்காரரோ பட்டியல் தயாரித்துத் தர வேண்டும்.

அடுத்தது இஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதற்குள் வருவார்கள். தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களில் பலருக்கு இந்தப் பிடித்தம் இருக்கும், இ-பெஹ்சான் என்ற இஎஸ்ஐ அடையாள அட்டை மட்டும் கையில் இருக்காது. பணம் பிடிக்கிறார்கள் என்றால் அட்டை வாங்காமல் விடக் கூடாது. இஎஸ்ஐ மருந்தகத்தில் பல் வலிக்குப் பார்க்கலாம், மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்கலாம். மாதம் 9,000க்குள் வருமானம் உள்ள, உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். இடையில் சம்பள உயர்வில் 21,000ஐத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புப் பருவம் முடியும்வரை உள்ளேதான் இருப்பீர்கள். பருவங்கள் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒன்று. பருவத்தின் நடுவில் உயர்வு வந்ததும் "இனி இல்லை" என்று மருந்தகத்துக்குப் போகாமல் விடுவது தெரியாமல் இழப்பதுதான்.

முன்னாள் ராணுவத்தினர் வீடுகளுக்கு இசிஎச்எஸ் என்ற மருத்துவத் திட்டம் இருக்கிறது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இது பெரிய விஷயம். பல் மருத்துவம் பாலிகிளினிக்கிலேயே உண்டு. இங்கே உள்ள எல்லாத் திட்டங்களிலும் பல்லை ஓரளவுக்கு முழுதாகப் பார்ப்பது இதுதான்.

இவை எதிலும் வராதவர்கள் யார் என்று பார்த்தால் ஊரில் பாதிப் பேர் வருவார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஏழு பேர் வேலை செய்யும் பட்டறையில் இருப்பவர், வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுத்து ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கும் அம்மா, குடியாத்தத்தில் தறி நெய்பவர், வருமானச் சான்றில் ஒன்றரை லட்சம் என்று எழுதப்பட்டுவிட்ட டியூஷன் ஆசிரியை. பின்னால் சொல்லப்படும் குழு நிதி இவர்களுக்காகத்தான்.

காப்பீட்டில் எது வரும்

முதல்வர் காப்பீடு உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. சொத்தை அடைப்பது, ரூட் கெனால், தேய்ந்த பல்லுக்கு மேல் பூச்சு, அழகுக்காகச் செய்வது எதுவும் வராது. வருபவை தாடை எலும்பு முறிவு, தாடைக் கட்டிகள், உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, வாய்ப் புற்றுநோய்க்கான அறுவை, கதிர் சிகிச்சை, கீமோ. பெயர் பல்லாக இல்லாததால் இவை தங்கள் அட்டையில் உண்டு என்றே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று விதிகளை மனதில் வையுங்கள். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கும் அது அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு அறுவைக்கு மறுநாள் கொண்டுவந்து நீட்டினால் பயனில்லை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவமனைப் பெயரையும் சிகிச்சையையும் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சாலை விபத்துக்கு இந்த அட்டையும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலம், எந்த நாடு, என்ன வருமானம் என்ற கேள்வி கிடையாது. 1 லட்சம் என்று இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. பெங்களூர் நெடுஞ்சாலை நடுவே ஓடும் ஊரில் இதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவருக்குக் கீழ்த்தாடையும் முன்பல்லும் உடைவது உண்டு.

பல் முழுதாகக் கழன்று விழுந்திருந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய திசு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி ஒட்டும். அது காய்ந்தாலும் தேய்ந்தாலும் செத்துவிடும். அங்கேயே பல்லை அதன் குழியில் திரும்பப் பொருத்த முடியாவிட்டால் ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனால் வீண். குழந்தையின் பால் பல் என்றால் திரும்ப வைக்க முயலவே கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல் கெட்டுவிடும்.

பல்லில் தொடங்கிய சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, கழுத்து வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலும் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்த வேண்டாம். வீக்கம் மூச்சுக்குழலை அடைக்கும். 108ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே உள்நோயாளியாகச் சேர்க்கும்போதே காப்பீட்டு மேசையில் அட்டையைக் காட்டுங்கள்.

பீடி, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள், அதிலும் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம், வாரம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இதற்கான செலவு காப்பீட்டில் வரும்.

காசில்லாமல் முடிவதை அரசிடமே முடியுங்கள்

பல் பிடுங்குவது, சாதாரண அடைப்பு, சுத்தம் செய்வது ஆகியவை பல் மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குடியாத்தம், வாலாஜா போன்ற அரசு மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் மருத்துவர் கிடையாது. வட்டார அளவில் மேம்படுத்தப்பட்ட நிலையங்களில் இருப்பார், சில இடங்களில் வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். போகும் முன் எந்த நாள் என்று கேளுங்கள். மருத்துவர் இல்லாத நாளில் ஒருமுறை போய்த் திரும்பியவர் "அங்கே ஒண்ணும் நடக்காது" என்று முடிவுகட்டி அடுத்த ஐந்து வருடம் தனியாரிடம் போகிறார்.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் மரத்துப்போகும் ஊசி போட்டால் மயக்கம் வரும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சீட்டையும் எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்காகச் சொல்லாமலும் இருக்காதீர்கள்.

ரூட் கெனால் அரசிடமே வேண்டும் என்றால் அடுக்கம்பாறையில் கேட்டுப் பாருங்கள். கூட்டம் தாங்காவிட்டால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான். நாலைந்து நடை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரருக்கு நாலு நாள் கூலியும் ரயில் காசும் சேர்ந்தால் தனியார் கட்டணத்தை நெருங்கிவிடும், அதையும் கணக்குப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டக் குழு வந்து பரிசோதிக்கும். அதில் பல் சொத்தையும் உண்டு. அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டைத் தொலைக்காமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில் ரூட் கெனாலுக்கு வருவதில் இந்தப் பல்தான் அதிகம் மாட்டுகிறது.

நடுப்பகுதிக்கு: குழு நிதி

மகளிர் சுய உதவிக் குழு, தெரு சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, தறிக்காரர் குழு, எதுவாகவும் இருக்கலாம். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், மாதம் ஒருமுறை கூடுகிறவர்கள், வங்கிக் கணக்கு உள்ளவர்கள் என்றால் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதற்குக் காப்பீடு என்று பெயர் வைக்காதீர்கள். "இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம்" என்று உறுதி கொடுத்து ஊரில் பணம் வசூலிப்பது காப்பீட்டுத் தொழில். 1938 காப்பீட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே அதைச் செய்யலாம். சீட்டு மாதிரி ஏலம் விட்டால் 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் மாட்டும். இது குழு உறுப்பினர்களின் சேமிப்பு, அதிலிருந்து வட்டியில்லாக் கடன், குழு தீர்மானம் போட்டுத் தரும் உதவி. அதற்கு மேல் கிடையாது. வெளியாரிடம் வாங்கவே கூடாது. தீர்மானப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இதை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பதினைந்து பேர் உள்ள ஒரு குழு இதற்குச் சிறியது. ஒரே மாதத்தில் மூன்று பேருக்குப் பல் வலி வந்தால் கல்லா காலி. நாலு குழு சேர்ந்து 60 பேர் என்றால் தாங்கும். ஆளுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000.

முதல் ஆறு மாதம் யாருக்கும் தரக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தால் நிதி பிறக்கும்போதே செத்துவிடும். பல் நிதி ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் சேர்பவர் ஏற்கெனவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான். அவர்மேல் தப்பில்லை. ஆனால் முதல் மாதமே அவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் இரண்டாம் மாதம் கட்ட மாட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் எல்லாரும் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்து, சீட்டைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். அதிலேயே பாதிப் பேரின் செலவு குறைந்துவிடும்.

எதற்குத் தருவது? ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து ஒன்று, பாதி பல் செட், முழு பல் செட், அறுத்து எடுக்க வேண்டிய ஞானப்பல். இந்த நான்கோடு நிறுத்துங்கள். கிளீனிங்கையும் அடைப்பையும் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். 60 பேருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கிளீனிங் என்று போட்டால் மொத்த நிதியும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கணக்கை ஒரு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ரூட் கெனாலும் உலோகக் கேப்பும் சேர்த்துக் கிளினிக்கில் 6,000 என்று பேசி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் கையிலிருந்து 1,500. குழு உதவி 2,000. வட்டியில்லாக் கடன் 2,500, மாதம் 250 வீதம் பத்து மாதத்தில் திரும்ப வரும். ஒருவருக்கு நிதியிலிருந்து வெளியே போவது 4,500.

ஆறு மாத முடிவில் கையில் 18,000 இருக்கும். ஏழாம் மாதம் நான்கு பேருக்குத் தரலாம். அந்த மாதச் சந்தா 3,000 மீதம் நிற்கும். எட்டாம் மாதத்திலிருந்து சந்தாவோடு கடன் தவணையும் வரத் தொடங்கும், மாதம் ஒருவருக்குத் தரலாம். ஆண்டு முடியும்போது ஒன்பது பேருக்குச் சிகிச்சை முடிந்திருக்கும், கையில் 3,000, வெளியே கடனாக 15,000. கடனே இல்லாமல் 4,500ஐயும் உதவியாகவே கொடுத்திருந்தால் எட்டுப் பேரோடு கல்லா துடைத்து வைத்த மாதிரி ஆகியிருக்கும், இரண்டாம் ஆண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பாதியைக் கடனாக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தானும் திருப்பிக் கட்ட வேண்டும் என்றால் தேவையில்லாத விலை உயர்ந்த கேப்பை யாரும் கேட்பதில்லை. வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று வாங்கிப் பல் கட்டியவர்களுக்கு இந்த வட்டியில்லாக் கடனின் அருமை சொல்லாமலே தெரியும்.

ஒரே மாதத்தில் மூன்று பேர் கேட்டால்? வீக்கமும் சீழும் உள்ளவர் முதலில், பிறகு மெல்லவே முடியாதவர், பிறகு கேட்ட வரிசை. ஊக்குநரின் சொந்தக்காரர் என்பது வரிசையில் சேராது. இதை முன்கூட்டியே எழுதி வைக்காத குழுக்கள் பல்லால் அல்ல, மனஸ்தாபத்தால் கலைகின்றன.

கிளினிக்கோடு பேசுவது

60 பேர் வருவோம் என்று சொன்னால் விலை பேசலாம். இரண்டு கிளினிக் வையுங்கள், ஒன்று சரியில்லையென்றால் மாறிக்கொள்ள. மருத்துவரின் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தெருவோரம் ஒரே நாளில் பல் கட்டித் தருகிறவர்களிடம் போகவே வேண்டாம். பதிவில்லாமல் பல் பார்ப்பது சட்டப்படி குற்றம். அவர்கள் அக்ரிலிக்கை ஊற்றிப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுவார்கள். அடியில் சோறு அழுகி, நன்றாக இருந்த இரண்டு பல்லும் சேர்ந்து போகும்.

விலையை எழுத்தில் வாங்கும்போது எக்ஸ்ரே உள்ளே வருகிறதா, கேப் என்ன பொருளில், கழன்றால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாக ஒட்டித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். கமிஷன் வாங்காதீர்கள். யாராவது ஒருவர் வாங்கினால் எல்லாருடைய விலையும் ஏறும்.

ரூட் கெனாலையும் கேப்பையும் பிரிக்காமல் ஒரே வேலையாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வலி போனதும் கேப் போட வராமல் இருப்பவர்கள் ஏராளம். உள்ளே குடைந்து எடுத்த கடைவாய்ப் பல்லில் சுவர் மட்டும்தான் நிற்கும். ஆம்பூர் பிரியாணியில் ஒரு எலும்பைக் கடித்தால் நெடுக்காகப் பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, செலவழித்த மொத்தமும் போச்சு. அதனால் குழுப் பணத்தில் பாதியை வேர் சிகிச்சை முடிந்ததும், மீதியைக் கேப் போட்ட பிறகும் நேராகக் கிளினிக்குக்கே கொடுங்கள்.

பல் செட்டிலும் அப்படியே. எல்லாப் பல்லையும் பிடுங்கிய பிறகு ஈறும் எலும்பும் ஆற குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குமுன் அவசரப்பட்டால் எலும்பு வற்ற வற்ற செட் ஆடும். அளவு எடுப்பது, கடி அளவு பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது என்று நாலைந்து நடை ஆகும். மெழுகில் பார்க்கும் அன்று வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் முகம் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது, அதன்பின் மாற்ற முடியாது. போட்ட முதல் வாரம் ஈறு உரசிப் புண்ணாகும், அது இயல்பு. இரண்டு முறையாவது தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அதுவரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

ரசீதில் பல் எண் இருக்க வேண்டும். இரண்டு இலக்கம், முதல் இலக்கம் வாயின் பகுதி. 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 46 என்றால் கீழ் வலது முதல் கடைவாய்ப் பல். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வையுங்கள். எண் இல்லாத ரசீதை இஎஸ்ஐயோ தனியார் காப்பீடோ ஏற்க மறுக்கலாம். ஒரே பல்லுக்கு இரண்டு முறை குழுவில் பணம் கேட்பதும் இதனால் நிற்கும்.

தனியார் பாலிசி வாங்குவதென்றால்

ஏஜென்ட் "டென்டல் கவர் உண்டு சார்" என்பார். உண்டுதான். எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில்கூட நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை என்ற வரி இருக்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து செய்வதற்கான பகுதியில் இருக்கிறது. ரூட் கெனாலுக்கு யாரும் வார்டில் படுப்பதில்லை. நீங்கள் தேட வேண்டிய சொல் "வெளிநோயாளி", அதாவது ஓபிடி. அதில் பல் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் எவ்வளவு, வேலூரில் எந்தக் கிளினிக் என்ற நான்கையும் பாலிசிப் பத்திரத்திலேயே காட்டச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் 3,000, பல் வரம்பு 4,000 என்றால் அது உங்கள் பணத்தையே சுற்றித் தருவது, வேண்டாம்.

பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, ரசீதில் 18 சதவீதம் இருந்தால் கேளுங்கள். கிளினிக்குகள் விற்கும் "டென்டல் மெம்பர்ஷிப்" அட்டை காப்பீடு ஆகாது, வெறும் தள்ளுபடிச் சீட்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பதிவு எண் இல்லாத எதுவும் அப்படித்தான். கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஷூ கம்பெனி, தனியார் பள்ளி போன்ற இடங்களில் ஏற்கெனவே குரூப் பாலிசி இருந்தால், புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே பல் ஓபிடியைச் சேர்க்கச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆண்டு நடுவில் கேட்டால் நடக்காது. காப்பீட்டுக்காக மட்டுமே கூட்டிய கூட்டத்துக்குக் குரூப் பாலிசி கிடையாது. வேறு வேலைக்காக ஏற்கெனவே இயங்கும் சங்கம், கூட்டமைப்பு என்றால் கிடைக்கும்.

பல் நாற்காலி கேட்பது

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடுகிறது. "பல் மருத்துவ வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எத்தனை குக்கிராமம், எத்தனை பேர், பக்கத்துப் பல் பிரிவு எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை, வாரம் எத்தனை நாள் மருத்துவர் வந்தால் போதும் என்று எழுதுங்கள். முகாம் கேட்காதீர்கள். முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து "மூணு சொத்தை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அடைப்பவர் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மனு மாவட்ட சுகாதார அலுவலருக்கு. வட்ட அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. இரண்டையும் மாற்றி அனுப்பினால் ஒரு மாதம் போய்விடும். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண் வாங்குங்கள். நாற்காலி இருந்தும் பணியிடம் காலியா, மருத்துவர் இருந்தும் நாற்காலி பழுதா என்பது பல ஊரில் வெளியே தெரிவதில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். காலிப் பணியிடம் என்றால் நியமனம் கேட்டும், பழுது என்றால் அந்தக் கருவியின் பெயரைக் குறிப்பிட்டும் இரண்டாவது மனுவை எழுதுங்கள், பதிலின் நகலையும் இணையுங்கள்.